தகவலாளர் எண் 17 பேசுகிறேன்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைச்சிருச்சுன்னு உங்கப்பன் செம்மேட்டுல கண்ணுல பட்டவனுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தானாம். என்னைய மட்டும் மறந்துபோட்டான். பரவால்ல, டீ இல்லாமயே அறிவுரை சொல்றேன்.

நம்ம குடும்பத்துல முதல் ஆராய்ச்சிக்காரி நீதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கற பாரு, அதைக் கொஞ்சம் இறக்கி வெச்சுக்க. நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே இந்தத் திண்ணையில ஆராய்ச்சி நடக்குது. நோட்டு அவங்களுது, தொண்டை என்னுது. இங்க உக்காந்து எழுதிக்கிட்டுப் போன புள்ளைங்க எத்தனையோ பேரு டாக்டர் ஆயிட்டாங்க. ஒருத்தருக்காவது ஊசி போடத் தெரியுமான்னு கேட்டுப் பாத்தேன், தெரியாதாம்.

அதுல ஒரு புள்ள நல்ல புள்ள. ஆய்வேட்டை அச்சுப் போட்டு, கொண்டாந்து காட்டுச்சு. எங்கடா நம்ம பேருன்னு பொரட்டிப் பொரட்டிப் பாக்கறேன், கடைசிப் பக்கம் வந்துருச்சு. 'தகவலாளர் பட்டியல்'. அதுல பதினேழாவது ஆளு நானு. பேருல ஒரு எழுத்து தப்பு, வயசுல பத்து கூடுதல், 'கல்வி: இல்லை'. நான் சொன்னதெல்லாம் உள்ள அறுபது எழுபது பக்கத்துக்கு இருக்குது. அங்கெல்லாம் 'ஆய்வாளர் கருதுகிறார்'னு போட்டிருக்குது. சரி, கருதிட்டுப் போகட்டும். இன்னிக்கு நீயும் கருதப் போறவ. அதான் கூப்புட்டேன்.

எங்க, அந்த முன்வரைவை எடு. முதல் வரியைப் படி.

"கொல்லிமலைவாழ் பழங்குடி மக்களால் சிறுதானியங்களின் பயன்பாடானது தொன்றுதொட்டு மேற்கொள்ளப்பட்டு வருவதாகக் கருதப்படுகின்றது."

அடேங்கப்பா. எத்தனை 'படு' கண்ணு! வெதைச்சது உங்க பாட்டன், குத்துனது உங்க ஆயா, தின்னது நீ. இதுல 'கருதப்படுகின்றது'ன்னா ஆரு கருதறாங்க? தொன்றுதொட்டுன்னா எப்போ தொட்டு? தெரிஞ்சா சொல்லு, தெரியலைன்னா அந்த வரியை அடி. 'சிறுதானியம்'னு பொத்தாம்பொதுவா எழுதிப்போட்டியே, அது ரேசன் கடை போர்டுல எழுதறது. நம்ம காட்டுல கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமைன்னு சாமையே தனித்தனி. சட்டைக் கேவுரு வேற, சுண்டாங்கிக் கேவுரு வேற. தினையில செந்தினை, பெருந்தினை. எது எத்தனை மாசத்துப் பயிரு, எது மழை போனாலும் நிக்கும், எது களிக்கு ஆகும், எது சோத்துக்கு ஆகும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்குது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1990கள்ல இருந்து இங்கயே எடம் புடிச்சுத் தங்கி, இந்தப் பேரையெல்லாம் ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதி வெச்சிருக்காங்க. ஊர்ல பொறந்த நீ 'சிறுதானியங்கள்'னு எழுதிட்டு வந்து நிக்கற.

இங்கிலீசுலதான் எழுதணும்னாலும் இதே கதைதான் கண்ணு. நம்ம பக்கம் 'படு' போடறவங்க அந்தப் பக்கம் போனாலும் அதுக்கு ஒரு அண்ணன் தம்பியைக் கண்டுபுடிச்சு வரிக்கு வரி உக்கார வெச்சுருவாங்க. ஆளு தெரியாம எழுதுனா பெரிய படிப்புன்னு ஆரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. வேலை செஞ்சவன் ஆருன்னு வாக்கியத்துல தெரியட்டும்.

தலைப்பு என்ன? "கொல்லிமலை மக்களின் வாழ்வியல், வேளாண்மை, மருத்துவம், வழிபாடு மற்றும் சுற்றுலா வளர்ச்சி." நம்ம வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் அடிச்சான்னு வன்பரணர் புறநானூத்துல பாடி வெச்சாரு. ஆடி மாசம் ஓரி விழாவுல மைக் புடிக்கறவங்க எல்லாரும் வருசாவருசம் அதைத்தான் சொல்றாங்க. அஞ்சும் ஒரே நேர்ல வந்து நின்னுச்சு, அவனுக்குக் கொடுத்து வெச்சிருந்துச்சு. உனக்கு நிக்காது. உடும்பை மட்டும் புடி, போதும். சாமையை ஏன் விட்டாங்கன்னு மட்டும் கேளு. அதுக்கே மூணு வருசம் பத்தாது. ஆறு வருசத்துக்கு மேல பொதுவா விடவும் மாட்டாங்களாம்.

முடிச்சப்புறம் இன்னொரு கூத்து நடக்கும், அதுக்கும் ஏமாறாத. அடிச்சது ஒரு உடும்பு. அதுக்குத் தலைக்கு ஒரு கட்டுரை, வாலுக்கு ஒரு கட்டுரை, நாலு காலுக்கும் தனித்தனியா நாலு கட்டுரைன்னு அறுத்து விக்கறாங்க. காசு கட்டுனா ரெண்டே நாள்ல போட்டுத் தர்ற 'சர்வதேச' இதழு இருக்குதாம். ஆபீசு எங்கன்னு பாத்தா ஜெராக்ஸ் கடை மாடி. இந்த மாதிரி இதழையெல்லாம் வடிகட்டறோம்னு யூ.ஜி.சி. 2019ல 'கேர்' பட்டியல்னு ஒண்ணைக் கொண்டாந்துச்சு, 2025ல அதையும் தூக்கிருச்சு. ஆய்வேடு குடுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் கட்டுரை வெளியிடணுங்கற விதியை 2022லயே எடுத்தாச்சு. விதி போனாலும் கடை மூடலை. அதைப் பத்தி இவ்வளவு போதும்.

இப்ப கேள்வித்தாளை எடு. அதுல எனக்குக் கொஞ்சம் அனுபவம் ஜாஸ்தி.

களை வெட்டிக்கிட்டு இருக்கறப்ப வரப்புல வந்து நின்னு, போனை நீட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரு தம்பி கேட்டான்: "சாமை உணவு உடல் நலத்துக்கு ஏற்றதுன்னு நீங்க முற்றிலும் ஒத்துக்கொள்கிறீங்களா, ஒத்துக்கொள்கிறீங்களா, கருத்து இல்லையா, மறுக்கிறீங்களா, முற்றிலும் மறுக்கிறீங்களா?" காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த புள்ள, பாதி வழியில வாந்தி வேற எடுத்திருக்கான், மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. அந்த மூஞ்சியைப் பாத்து 'முற்றிலும் மறுக்கிறேன்'னு சொல்ல நம்ம ஊர்ல ஆருக்கு மனசு வரும்? அவனுக்கு என்ன வேணுமோ அது கேள்வியிலயே இருக்குது. நாங்க எடுத்து நீட்டிட்டோம். பக்கத்துக் காட்டுக்காரன் முற்றிலும் ஒத்துக்கிட்டான், அவன் பொண்டாட்டி இவனைப் பாத்து ஒத்துக்கிச்சு, மாடு மட்டும்தான் கருத்து இல்லைன்னு நின்னுச்சு. இதையெல்லாம் வட்டப் படம் போட்டுப் பச்சைக் கலரு அடிச்சு, 'பெரும்பான்மையோர் ஒத்துக்கொள்கின்றனர்'னு கீழ எழுதியிருப்பான்.

அவன் கேட்டிருக்க வேண்டியது என்ன தெரியுமா? "நேத்து ராத்திரி என்ன சமைச்சீங்க?" ரேசன் அரிசிச் சோறுன்னு சொல்லியிருப்போம். அஞ்சு கட்டம் போட்ட கேள்விக்கு வராத உண்மை இந்த ஒத்தைக் கேள்விக்கு வந்திருக்கும்.

அதே மாதிரி, ஏன் சாமையை விட்டீங்கன்னு என்னைய மாதிரி ஆளைக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? குச்சிக்கிழங்குல காசு வந்துச்சு. ஆத்தூரு, ராசிபுரம், சேலம் பக்கம் சேகோ ஆலைக்கு லாரியில ஏத்தி விட்டா மொத்தமாப் பணம்னு சொல்லுவேன். பொய்யில்லை, நெசந்தான். ஆனா வீட்டுக்குள்ள போயி உங்க ஆயாவைக் கேளு. அவ கையைக் காட்டுவா. சாமை நெல்லு மாதிரி சொன்னபடி கேக்காது. பொடிசு, தோலு கெட்டி. உரல்ல போட்டுக் குத்தணும், முறத்துல புடைக்கணும், உமி போகாது, மறுபடி உரலு, மறுபடி முறம். ராத்திரி சோத்துக்கு மத்தியானமே உலக்கை புடிக்கணும். அதுவும் காட்டுல களை வெட்டிட்டு வந்த கையோட. ஒரு ரூவாய்க்கு அரிசி, அப்புறம் சும்மாவே அரிசின்னு ரேசன்ல வந்தப்ப, உலக்கையை மூலையில சாத்துனது ஆரு? நானா? நான் எந்த நாள்ல உலக்கையைத் தொட்டேன்? சுவாமிநாதன் நிறுவனத்துக்காரங்க இந்தக் கை வலியைக் கண்டுபுடிச்சாங்க. ஊருக்குள்ள சாமை உமி நீக்கற மிசினு வெச்சுக் குடுத்தாங்க. விதையைத் தந்து, 'பாரம்பரியத்தைக் காப்போம்'னு பேசிட்டுப் போயிருந்தா, கூட்டம் முடிஞ்சதும் விதையைத் தொம்பையில போட்டு மூடியிருப்போம். சாமை போனதுக்கு ஒரு காரணம் காட்டுல இருந்துச்சு, இன்னொண்ணு அடுப்படியில இருந்துச்சு. திண்ணையில உக்காந்த ஆம்பளைங்களையே கேட்டுக்கிட்டு இருந்தா அந்தப் பாதி எப்படித் தெரியும்?

நீ போன தடவை வந்தப்ப ஒரு வெள்ளைக்காரரைப் பத்திச் சொன்னியே, ராபர்ட் சேம்பர்ஸ்னு. 1983ல எழுதின பொஸ்தகத்துல, கிராமத்துக்கு ஆராய வர்றவங்க தார் ரோட்டை விட்டு இறங்க மாட்டாங்க, ஆம்பளைங்களையே பாப்பாங்க, கொஞ்சம் வசதியானவங்களையே கேப்பாங்க, மழைக்காலத்துல வரமாட்டாங்கன்னு புட்டுப்புட்டு வெச்சாருன்னு. நான் அந்தாளைப் பாத்ததில்லை, ஆனா அவரு நம்ம சோளக்காட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்த மாதிரியே எழுதியிருக்காரு. மலையில 14 நாடு இருக்குது. செம்மேட்டு ரோட்டோரத்துல இருக்கறவன் பேட்டி குடுத்துக் குடுத்துத் தொண்டை கட்டிக் கெடக்கறான். உள்ள குண்டுனி நாட்டுப் பக்கம் இருக்கறவனை ஆரும் கேக்கலை, ஏன்னா அங்க போனா சாயங்கால பஸ்ஸு போயிரும். 'ஆய்வு எல்லை'ன்னு ஒரு பக்கம் எழுதுவீங்கல்ல, அதுல நேர்மையா எழுது: ஆய்வாளரின் ஆய்வு எல்லை, கடைசி பஸ்ஸு.

இப்ப இதைக் கவனமாக் கேளு. நீ எழுதின 'இனவரலாறு' பகுதியில, காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணன் தம்பிங்க வந்து மூணு மலையில குடியேறுனாங்கன்னு இருக்குது. அடியில 'தர்ஸ்டன், 1909'ன்னு போட்டிருக்கற. தர்ஸ்டனைப் பாத்தியா? பாக்கலை. எனக்குத் தெரியும், ஏன்னா நீ எழுதியிருக்கற எழுத்துப் பிழை அப்படியே போன தடவை வந்த பையன் ஆய்வேட்டுல இருந்துச்சு. அவனும் பாத்திருக்க மாட்டான். எட்கர் தர்ஸ்டன் மெட்ராஸ் மியூசியத்துக்கு அதிகாரி. ரங்காச்சாரின்னு ஒருத்தரு கூட இருந்தாரு. ஏழு தொகுதி போட்டாங்க. அதுல பாதி, மாவட்ட மேனுவல்ல இருந்தும் மத்தவங்க எழுதி அனுப்புன குறிப்புல இருந்தும் சேத்ததுதான். ஆகக்கூடி, எவனோ ஒரு பெருசு திண்ணையில சொன்னது, ஒரு அதிகாரி காதுல விழுந்து, மேனுவலுக்குப் போயி, பொஸ்தகத்துக்குப் போயி, ஆய்வேடு ஆய்வேடா நடந்து, பள்ளிக்கூட வாத்தியாரு வாயில ஏறி, நம்ம பொடிசுங்க காதுல விழுந்திருக்குது. போன மாசம் ஒரு பொண்ணு வந்து உங்க வரலாறு சொல்லுங்கன்னு கேட்டுச்சு. நம்ம எதிர் வீட்டுப் பையன் தர்ஸ்டனை அப்படியே ஒப்பிச்சான். அது 'வாய்மொழி மரபு'ன்னு எழுதிக்கிட்டுப் போயிருச்சு! இனி தர்ஸ்டனுக்கு நாம சாட்சி, நமக்குத் தர்ஸ்டன் சாட்சி.

கதை பொய்யின்னு நான் சொல்லலை. எங்க தாத்தனும் சொல்லியிருக்கான். ஆனா அவன் சொன்னதுல அண்ணன் தம்பிங்க சண்டை போட்டுப் பிரிஞ்ச வெவரம் வேற மாதிரி வரும். அந்த வேற மாதிரியை ஒருத்தரும் எழுதலை. பொஸ்தகத்தோட ஒத்துப் போகலைன்னு விட்டுட்டாங்க. ஒத்துப் போகாததுலதான் உனக்கு ஒரு அத்தியாயமே இருக்குது, போ. ஏழு தொகுதியும் இப்ப கம்ப்யூட்டர்ல சும்மாவே கிடைக்குதாம். தொறந்து பாத்துட்டு அப்புறம் அடிக்குறிப்புப் போடு. பாக்காததைப் பாத்த மாதிரி போடாத. இன்னாரு வழியாக் கெடச்சுதுன்னு போட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிராது.

திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜுல மேத்யூ பாதிரியாருன்னு ஒருத்தரு இருந்தாரு. நம்ம மலை, ஏற்காடு, பச்சமலை எல்லாம் சுத்தித் தாவரங்களைச் சேத்து, 1980கள்ல பெரிய பெரிய தொகுதியாப் போட்டாரு. அங்க ராபினாட் ஹெர்பேரியத்துல அட்டையில ஒட்டி வெச்சிருப்பாங்களாம். ஒரு சின்னப் புல்லு. அதுக்குப் பக்கத்துல அது நின்ன இடம், உயரம், தேதி, பறிச்சவரு பேரு, ஒரு எண்ணு. நூறு வருசம் கழிச்சு எவனாச்சும் வந்து 'நெசமாவா?'ன்னு கேட்டா, அட்டையை எடுத்துக் காட்டலாம். எனக்கும் எண்ணு குடுத்திருக்காங்க, 17. ஆனா நான் எந்த நாள், எந்த இடத்துல, எதைப் பத்திச் சொன்னேன்னு ஒண்ணும் இல்லை. புல்லுக்கு இருக்கற மரியாதையில பாதி எனக்கும் குடுத்தீங்கன்னா போதும். நீ எழுதறப்ப ஒவ்வொரு பேச்சுக்கும் ஆளு, ஊரு, தேதி போடு. பேரு வேணாம்னு சொல்றவங்களுக்குப் பேரை மறைச்சுப் போடு. அதையும் அவங்களைக் கேட்டுட்டு மறை.

கேக்கறதுன்னதும் ஞாபகம் வருது. ஒப்புதல் படிவம்னு ஒரு காகிதம். 'சுயவிருப்பத்தின் பேரில்'னு ஆரம்பிச்சு ஒரே மூச்சுல படிச்சுட்டு, மைப்பெட்டியை நீட்டுனான் ஒரு தம்பி. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பேனா குடுப்பான்னேன். "பேனா கொண்டாரலையே தாத்தா, எல்லாரும் கைநாட்டுன்னு சொன்னாங்க"ங்கறான். சுயவிருப்பம் அப்பவே தெரிஞ்சு போச்சு.

அகத்தியர் மலையில காணிக்காரங்க கதை ஒண்ணு கேள்விப்பட்டேன். 1987ல ஒரு ஆராய்ச்சிக் கூட்டம் மலை ஏறிச்சாம். படிச்சவங்களுக்கெல்லாம் நாக்குத் தள்ளுது. வழிகாட்ட வந்த காணிக்காரங்க ஏதோ ஒரு காயை மென்னுக்கிட்டுத் துள்ளிக்கிட்டுப் போறாங்க. என்னன்னு கேட்டா, வெளியில சொல்லக் கூடாதுன்னாங்களாம். கெஞ்சிக் கேட்டப்புறம் காட்டுனாங்க: ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பக்கம் பாலோடு தாவரத் தோட்டத்து ஆராய்ச்சிக்காரங்க, புஷ்பாங்கதன் தலைமையில, அதுல இருந்து 'ஜீவனி'ன்னு மருந்து செஞ்சு, கோயமுத்தூரு கம்பெனிக்கு உரிமம் குடுத்தாங்க. வந்த தொகையில பாதி காணிக்காரங்களுக்குன்னு எழுதி, 1997ல அதுக்குன்னு அறக்கட்டளையும் பதிஞ்சாங்க. அதுலயும் அப்புறம் ஆயிரம் இழுபறி. ஆனா காட்டுனது ஆருன்னு உலகத்துக்கே தெரியும். 2002ல பல்லுயிர்ச் சட்டம் வந்துச்சு. நம்ம ஊராட்சிக்கும் ஒரு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உண்டாம். உன் ஆய்வேடு முடிஞ்சா முதல்ல அங்க ஒரு பிரதி குடு. எனக்கு இதுவரைக்கும் பங்குன்னு வந்தது ஒரு குரூப் போட்டோ, அதுலயும் கண்ணை மூடியிருக்கேன்.

காப்பி அடிக்கறதைப் பத்தியும் சொல்லணும்ல. கம்ப்யூட்டரே கண்டுபுடிச்சுச் சதவீதம் சொல்லுதாம். யூ.ஜி.சி. 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் 'பூஜ்ய நிலை', ஒண்ணும் இல்லை. 40 வரைக்கும் போனா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும். 60 வரைக்கும்னா ஒரு வருசத்துக்குத் திருத்திக் குடுக்கவும் முடியாது. அதுக்கு மேலன்னா பதிவே ரத்து. நம்ம ஊர்ல பக்கத்துக் காட்டு வரப்பை பத்துல ஒரு பங்கு நகத்தி வெச்சுட்டு, 'இது பூஜ்ய நிலை'ன்னு பஞ்சாயத்துல போயி சொல்லிப் பாரேன். இத்தனைக்கும், ஆரு சொன்னதுன்னு மேற்கோள் போட்டு எழுதிட்டா அது அந்தக் கணக்குலயே வராதாம். பேரு சொல்ல வாய் வலிக்குதுன்னுதான இத்தனை கூத்து? இப்ப போன்ல கேட்டா அதுவே எழுதிக் குடுக்குதாமே. எழுதறது மட்டுமில்லை, இல்லாத பொஸ்தகத்துக்கு எழுதினவன் பேரு, பக்கம் எல்லாம் போட்டுக் குடுக்குதாம். நம்ம கோடாங்கி தேவலாம். இல்லாத சாமி பேரைச் சொல்ல மாட்டான்.

சரி, இருட்டப் போகுது. நீ நல்லா எழுதுவ, தெரியும். உங்க ஆயா குத்துன கணக்கை மட்டும் விட்டுறாத.

இன்னொண்ணு. கடைசியில வாய்மொழித் தேர்வுன்னு எல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்களாமே. 2016 விதியில 'ஆர்வமுள்ள நிபுணர்களும் கலந்துகொள்ளலாம்'னு இருந்துச்சுன்னு நீதான வாசிச்சுக் காட்டுன? ஆர்வத்துக்கு எனக்கு என்ன குறைச்சலு? சாமையில நான் நிபுணன் இல்லைன்னு எந்தப் பேராசிரியரு வந்து சொல்லுவாரு, பாத்துருவோம். தேதி வெச்சதும் சொல்லியனுப்பு, முன் வரிசையில உக்காந்து முதல் கேள்வி நான்தான் கேப்பேன். மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? பயப்படாத, கேள்வி இப்பவே அவுட்டு: மல்லியச் சாமைக்கும் கட்டவெட்டிச் சாமைக்கும் கையில வெச்சுப் பாத்தா என்ன வித்தியாசம்? தெரியாதா? சரி, உள்ள போயி ஆயாகிட்ட ரெண்டுலயும் ஒரு பிடி வாங்கிட்டு வா. அப்படியே எனக்கு ஒரு டீ.